தாழ்ந்த காருக்கு எந்த ஜாக்கி?

டில்லி காஷ்மீரி கேட்டில் கார் சாமான் கடைகள் ஏராளம். அங்கே ஜாக்கி வாங்கப் போகிறீர்கள். கார் உயரம் குறைத்த கார். அப்படியானால் முதலில் டேப்பை எடுங்கள். காரில் ஜாக்கி வைக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த ஜாக்கிகள் பலவும், முழுக்க இறக்கினாலும் 13 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உங்கள் அளவு 11 என்றால் அது உள்ளே நுழையாது. 8, 9 சென்டிமீட்டர் வரை இறங்கும் ஜாக்கியும் உண்டு. அதைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வது இருக்கட்டும், பெட்டியில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள். எத்தனை டன் தூக்கும் என்பதையும் பாருங்கள்.

ஏற்றுப்பலகை நீளமாக, சரிவு குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஏறும் முன்பே பம்பர் இடிக்கும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதன் உள்ளே எண்ணெய்தான் பாரத்தைத் தாங்குகிறது. வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கார் இறங்கிவிடும். அடியில் ஆள் இருந்தால்? ஆகவே இரண்டு இரும்பு ஸ்டாண்டும் சேர்த்தே வாங்குங்கள். பணம் போதவில்லையா? ஜாக்கியையும் அடுத்த மாதம் வாங்கலாம். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல் அடுக்காதீர்கள். அது திடீரென்று நொறுங்கும்.

தூக்கும் முன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காரை ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகாதீர்கள்.