கத்தாளை மீன் தலைக்குள்ள ஒரு டைரி

எங்க வீட்ல ஞாயிற்றுக்கிழமைன்னா மீன் குழம்புதான். கத்தாளை வாங்கினா, தலை யாருக்குன்னு எனக்கும் தம்பிக்கும் சண்டையே வரும். ஆனா தலையை எடுத்தவங்க பல்லை ஜாக்கிரதையா பார்த்துக்கணும். உள்ளே வெள்ளையா, கெட்டியா ஒரு கல் இருக்கும். சின்ன வயசுல அதைத் தட்டு ஓரமா ஒதுக்கிட்டு சாப்பிடுவேன். மீன்களோட சூழலியலைப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் புரிஞ்சுது: நான் ஒதுக்கி வச்சது அந்த மீனோட டைரி!

அந்தக் கல்லுக்குப் பேர் செவிக்கல். மீனுக்கு வெளியே தெரியற மாதிரி காது கிடையாது, உள்காது உண்டு. சத்தத்தை உணரவும், தண்ணீருக்குள்ள சாயாம நிலையா நீந்தவும் இந்தக் கல் உதவுது. மீன் வளர வளர, கால்சியம் கார்பனேட் அடுக்கடுக்கா இதுமேல படியும். மரத்துக்கு ஆண்டு வளையம் மாதிரி, இதுக்கும் வளையங்கள் உண்டு. ஆண்டு வளையம் மட்டுமில்ல, ஒரு நாளைக்கு ஒரு வளையம்கூட விழுதுன்னு 1971-ல ஜார்ஜியோ பனெல்லா என்கிற ஆய்வாளர் எழுதினார். கல்லை மெல்லிசா சீவி, மெருகேத்தி, மைக்ராஸ்கோப்ல வச்சா, குஞ்சு மீனோட வயசை நாள் கணக்குல எண்ணலாம்.

இதைவிட சுவாரசியம், அந்த அடுக்குகளோட வேதியியல். மீன் எந்தத் தண்ணியில இருந்துச்சோ, அதோட தடயமும் அன்றைய அடுக்குல பதிவாகிடும். பொதுவா ஸ்ட்ரான்ஷியம் கடல் நீர்ல அதிகம், நன்னீர்ல குறைவு. பேரியம் பெரும்பாலும் அதுக்கு நேர்மாறு. ஒருமுறை படிஞ்ச அடுக்கை உடம்பு திரும்பக் கரைச்சு எடுத்துக்கிறதும் இல்லை. அதனால கல்லோட நடுப்பகுதியைச் சோதிச்சா, அந்த மீன் எங்கே வளர்ந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியும்.

இதை வச்சு அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில ஒரு ஆய்வு நடந்துச்சு. எடுத்துக்கிட்டது நம்ம கத்தாளையோட குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன். ஜார்ஜியா முதல் நியூயார்க் வரை 5 முகத்துவாரப் பகுதிகள்ல குஞ்சுகளைப் பிடிச்சு, ஒவ்வொரு இடத்தோட வேதியியல் அடையாளத்தையும் குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம், முட்டையிட வந்த பெரிய மீன்களோட செவிக்கல்லை அதோட ஒப்பிட்டாங்க. சைமன் தோரால்டு குழுவோட இந்த முடிவு 2001-ல வெளியாச்சு. இடத்துக்கு இடம் 60 முதல் 81 சதவீத மீன்கள், தாங்கள் பிறந்த முகத்துவாரத்துக்கே முட்டையிடத் திரும்பி வந்திருந்துச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்? 'கடல் பெருசு, இங்க மீன் போனா வேற இடத்துல இருந்து வந்துடும்'னு நாம நினைக்கிறது எப்பவும் சரியில்ல. ஒரு முகத்துவாரம் கெட்டா, அங்கே பிறந்து அங்கேயே திரும்பற கூட்டமும் குறைஞ்சுடும். அந்த இடத்தைப் பக்கத்து ஊர் மீன் வந்து சீக்கிரம் நிரப்பிடும்னு நம்ப முடியாது.

கரீபியன்லயும் இதே கதைதான். பீட்டர் மம்பி குழு 2004-ல சொன்னது: அலையாத்திக் காடுகளோட தொடர்புள்ள பவளப்பாறைகள்ல, மீனவர்கள் பிடிச்சு விற்கிற பல வகை மீன்களோட அளவு இரண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. ஏன்னா குஞ்சுகள் அலையாத்தி வேர்களுக்கு நடுவுல ஒளிஞ்சு வளர்ந்துட்டுத்தான் பாறைக்குப் போகுது. அட்லாண்டிக்லயே பெரிய, பாசி மேயற கிளிமீன் வகை ஒண்ணு, அலையாத்தியை அழிச்ச பகுதியில இல்லாமலே போயிருந்துச்சு. பாறையை யாரும் தொடலை; போனது குஞ்சுகளோட தொட்டில்.

இப்ப சென்னைக்கு வருவோம். நகரத்துக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வெள்ளை இறாலும் மடவையும் முட்டையிடறது கடல்ல. குஞ்சுகள் முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். மணல் சேர்ந்து அந்த வாய் அடைபட்டா, வரவும் வழியில்ல, போகவும் வழியில்ல. முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி அங்குள்ள மீனவர்கள் கேட்டுக்கிட்டே இருக்கிறது இதனாலதான். கொஞ்சம் தெற்கே எண்ணூர் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமா படிஞ்ச இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தப்போ எண்ணெயும் கலந்துச்சு. கரையில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது வெறும் சேறு. இறால் குஞ்சுக்கு அதுதான் பால்வாடி.

ஒரு மீனுக்கு ஒரே விலாசம் கிடையாது. பிறக்க ஒரு இடம், வளர ஒரு இடம், வாழ ஒரு இடம், இதுக்கெல்லாம் நடுவுல ஒரு வழி. இதுல எது அறுந்தாலும் காசிமேட்டுல கூடை காலியாகும்.

அடுத்த தடவை கத்தாளை தலையில அந்தக் கல் பல்லுல பட்டா, தூக்கிப் போடாதீங்க. கழுவி, வெளிச்சத்துல ஒரு நிமிஷம் பாருங்க. அந்த மீன் வளர்ந்த தண்ணியோட கதை உங்க கையில இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.