11-ம் நெம்பர் கூண்டு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், கடல் தொழிலுக்குப் போகிறவர் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் அதன் பொருள் தெரியும். 1, 2 என்றால் எங்கோ தொலைவில் புயல் மூளுகிறது. 8, 9, 10 என்றால் பேரபாயம். பகலில் கம்பத்தின்மேல் கூம்பும் உருளையுமாகத் தொங்குவதும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாக எரிவதும் இந்த அடையாளங்களின் வழக்கம். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய எழுத்து அது. 1864-ம் வருஷத்துப் புயல் கல்கத்தாவைச் சூறையாடிய பிறகு, மறு வருஷம் அத்துறைமுகத்தில் தொடங்கிய எச்சரிக்கை ஏற்பாட்டின் வழிவந்தது இது. நம் கடலில் முத்துக் குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்று போயிற்று. கூண்டோ இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இவற்றுள் பலரும் அறியாதது 11-ம் நெம்பர். புயலின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஆயினும் அபாயம் உண்டென்று இவ்விடத்து அதிகாரி கருதுகிறார்' என்பதே அதன் பொருள். மேலிடத்துச் சொல் வராதபோது, ஸ்தலத்தில் இருப்பவர் தம் கண்ணையும் அநுபவத்தையும் நம்பிக் குரல் கொடுக்கலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

கடலுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு கரைக்கு இருக்கிறதா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று கடலில் புயல் இல்லை. குமரிக்கடல் பக்கத்தில் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவே. ஆயினும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷம் முழுவதும் இங்கே பெய்கிற மழையைக்காட்டிலும் அது அதிகம். தாமிரபருணி பொங்கி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்தது. கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்தது. தூத்துக்குடியின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. மின்சாரமும் டெலிபோனும் ஓய்ந்த ஊர்கள் பல.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை அன்றிரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மேலே விடாமல் நிறுத்தினார்கள். முன்னே தண்டவாளத்தின் கீழிருந்த சரளையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி நகர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ! சுமார் 800 பிரயாணிகள் அங்கேயே சிக்கினார்கள். சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். ஸ்டேஷனில் இருந்தவர்கள் செய்தது 11-ம் நெம்பர் கூண்டு ஏற்றியதற்கு ஒப்பான காரியம். ஆனால் ரயில்வேக்கு விதியும் பயிற்சியும் உண்டு. ஒரு வார்டு அங்கத்தினருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அவ்விதம் என்ன இருக்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. 2025-ல் வந்த திருத்தம், மாநகராட்சி உள்ள ஊர்களில் கமிஷனரைத் தலைவராகவும் கலெக்டரைத் துணைத் தலைவராகவும் கொண்டு நகர ஆணையம் அமைக்க மாநில சர்க்காருக்கு இடம் தந்திருக்கிறது. தூத்துக்குடி 2008 முதல் மாநகராட்சி. எனவே இந்த வாய்ப்பு நமக்கும் உரியது.

ஆனால் வெள்ளம் மாநகராட்சி எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. குளம் ஓர் இலாகாவினுடையது. தெரு வேறோர் அமைப்பினுடையது. தண்ணீர் போய்ச் சேரவேண்டிய கடற்கரையில் துறைமுகத்தாருக்கும் பங்குண்டு. ஆகவே குளத்திலிருந்து கடல்வரை தண்ணீர் நடக்கும் வழியையே எல்லையாகக் கொண்டு திட்டம் எழுதப்பட வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். நள்ளிரவில் டெலிபோன் ஓய்ந்துவிட்டால் மதகைத் திறக்கும்படி சொல்ல யாருக்கு அதிகாரம், தாழ்ந்த தெருக்களுக்கு யார் ஓடிச் சொல்வது, பள்ளிக்கூடத்துச் சாவி யார் கையில் — இவை மூன்றும் முதற் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாவி விஷயத்தை அற்பம் என்று எண்ணாதீர்கள். பூட்டிய பள்ளிக்கூடம் வெள்ளத்தில் யாருக்கும் புகலிடமாகாது.

முடியாத காரியமன்று. குடிதண்ணீருக்குத் தவித்த இந்த ஊருக்கு, நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து 1927-ல் தாமிரபருணித் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தார். அதனோடு ஒப்பிட்டால், கோரம்பள்ளம் குளத்துக் கரையில் ஒரு கம்பம் நட்டு, நீர்மட்டத்துக்கு ஏற்ப விளக்கேற்றுவது எம்மாத்திரம்? வரும் ஐப்பசி மழைக்கு முன், அதற்கு என்ன செலவாகும் என்று மாநகராட்சி அங்கத்தினர் யாரேனும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும்.