ஏழையும் இல்லை, வசதியும் இல்லை: காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் குடும்பங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெற, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 10,000 ரூபாய். மதுரை மாசி வீதிக் கடைகளில் கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடு இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். தனியார் பாலிசிக்கு வருஷா வருஷம் பணம் கட்டவோ அந்த வீட்டால் முடியாது.

அட்டை உள்ளவர்களுக்கு இத்திட்டம் பெரிய பலம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இன்றைய பெயரைப் பெற்று, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பம் இதய அறுவை சிகிச்சைக்காக நிலத்தையோ நகையையோ இழக்காமல் தப்புவது இதனால்தான். ஆனால் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் செலவு இதில் சேராது.

அடுத்த வழி இ.எஸ்.ஐ. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடிக்கப்படும். 15,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் கொடுப்பது 112 ரூபாய் 50 காசு. குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை உண்டு. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளுக்கு இது பொருந்தாது. நகரத்தின் கடைத்தெருக்களில் அத்தகைய கடைகள்தான் ஏராளம்.

மிஞ்சுவது தனியார் பாலிசி. மருத்துவமனைக் கட்டணமும் வயதும் ஏற ஏற பிரீமியமும் ஏறுகிறது. அறுபது கடந்தவர்களுக்கு ஒரே ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னிடம் கலந்துபேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் கட்டுப்பாடு விதித்தது. தனிநபர் பாலிசிகள் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. இரண்டும் நல்லவைதான். ஆனால் அடிப்படை பிரீமியத்தையே கட்ட முடியாதவருக்கு வரி நீங்கியதால் பெரிய பயன் இல்லை.

மலிவான பாலிசிகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையோடு டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். டிஸ்சார்ஜ் அன்றுதான் பலருக்கு இது தெரியவருகிறது. கடன் வாங்க அலைவதும் அன்றுதான்.

எதிலும் சேராதவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. சுற்று மாவட்டங்களின் கூட்டத்தையும் அதுவே தாங்குகிறது.

நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் பேர் இப்படி நடுவில் விடுபட்டிருப்பதாக நிதி ஆயோக் 2021-ல் கணக்கிட்டது. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு இவர்களையும் அரசுத் திட்டத்தில் சேர்ப்பதே நியாயம், செய்யக்கூடியதும்தான். ராஜஸ்தான் 2021-ல் சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பட்டியலில் இல்லாத குடும்பங்களையும் ஆண்டுக்கு 850 ரூபாய் வாங்கிக்கொண்டு சேர்த்தது.