டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை

லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் ஹெமெல் ஹெம்ப்ஸ்டெட்டில் 1987-ல் ஒரு ராக் இசைக்குழு உதயமானது. பெயர் போர்க்குபைன் ட்ரீ. குழுவுக்கு நீண்ட வரலாறு உண்டு. சர் டார்க்குவின் அண்டர்ஸ்பூன் மாதிரி பந்தாவான பெயர்களில் உறுப்பினர்களும் உண்டு. அத்தனையும் புருடா! ஸ்டீவன் வில்சன் என்ற இளைஞர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து விளையாட்டாகக் கிளப்பிவிட்ட கதை அது. பாட்டு, கிடார், கீபோர்டு என்று ஏறக்குறைய எல்லாமே வில்சன்தான். டிரம்ஸுக்கு மெஷின்.

1989-ல் வந்த முதல் கேசட்டோடு இந்தக் கட்டுக்கதையையும் அச்சடித்துக் கொடுத்தார். கேசட் கை மாறி ஒரு சிறிய இசை நிறுவனத்தை எட்ட, 1992-ல் ஆல்பம் வந்தது. மறு வருடமே அடுத்த ஆல்பம். ரசிகர்கள் சேர்ந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. மேடையில் யாரை நிறுத்துவது?

1993 டிசம்பரில் ஹை வைகம்ப் ஊரின் பப் ஒன்றில் முதல் கச்சேரி. கீபோர்டில் ரிச்சர்ட் பார்பியெரி, பேஸ் கிடாரில் காலின் எட்வின், டிரம்ஸில் கிரிஸ் மைட்லண்ட். மேடைக்காக வந்தவர்கள் மெல்ல மெல்லப் பாடல்களுக்குள்ளும் நுழைந்தார்கள். 1995 ஆல்பத்தில் பாதி தனிமனிதர், பாதி குழு. 1996-ல் வந்த 'சிக்னிஃபை'தான் நால்வரும் முழுதாகச் சேர்ந்து உருவாக்கிய முதல் ஆல்பம்.

2002-ல் மைட்லண்டின் இடத்துக்கு கவின் ஹாரிசன் வந்தார். 1993 ஆல்பத்தை 2005-ல் மறுபடி வெளியிட்டபோது, மெஷின் தாளத்தை எடுத்துவிட்டு ஹாரிசனின் கைத்தாளத்தைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு வருடங்கள் கழித்துப் பழைய பாட்டுக்குள் ஒரு மனிதரை உட்காரவைத்தார்கள்!

இன்று அப்படி ஒரு தேவை வருமா? லேப்டாப்பில் பாட்டுக் கட்டும் பிள்ளைகளிடம் நிஜ டிரம்ஸிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பதிவு செய்த ஒலிகள் குவிந்து கிடக்கின்றன. தாளம் இயந்திரத்தனமாக இருக்கிறதா? மனிதக் கைபோல ஆக்க ஒரு பட்டன் இருக்கிறது. தட்டினால் ஒரு அடி சில மில்லி விநாடி முந்தும், இன்னொன்று பிந்தும், ஒன்று கொஞ்சம் மென்மையாக விழும். ஆளின் பிசிறுகூட ஆள் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது ஒன்றுதான்: "இந்த இடத்தில் தாளத்தை மாற்றிப் பார்க்கலாமே" என்று மறுத்துப் பேசும் குரல். மேடைக்கும் டிராக்கை ஓடவிட்டால் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் பேஸ் வாசிப்பவரை யார் தேடிப் போவார்கள்?

குழு என்றாலே ஈகோ, காசுத் தகராறு, தனியாக இருப்பதே நிம்மதி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வில்சனே 2008-ல் சொந்தப் பெயரில் தனி ஆல்பம் போட்டவர்தான்.

ஆனால் நால்வராக வளர்ந்த குழு போன உயரத்தைப் பாருங்கள். 2009 டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி. விழாவில் வாசித்தது, 2010-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். பிறகு நீண்ட இடைவெளி. 2022-ல் புது ஆல்பம் வந்தபோது எட்வின் இல்லை. பேஸ் கிடாரை வில்சனே எடுத்துக்கொண்டார். 1987-ல் ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்தவர் மறுபடி தனியாக அறைக்குள் போய்விடவில்லை. அவருடைய பேஸும் ஹாரிசனின் டிரம்ஸும் சேர்ந்து ஒலித்ததில்தான் அந்த ஆல்பத்தின் பல பாடல்கள் முளைத்தன.