ஆய்வுக்கு அஞ்சாத விசுவாசம்

சமய நம்பிக்கையும் நவீன ஆய்வும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் நிலவுகின்றது. கேள்வி எழுந்தால் நம்பிக்கை குலையும் எனச் சிலர் எல்லாச் சமயங்களிலும் அஞ்சுகின்றனர். யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு இவ்வச்சத்துக்குத் தக்க விடையாகும்.

உரோமாபுரியில் பயின்று 1938 இல் கத்தோலிக்கக் குருவான அவர், அதன் பின்னரே தமிழை முறையாகக் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். தம் சமயஞ் சாராத சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். 1679 இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966 இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தார். அம்மன்றத்தின் அரங்கில் பல நாட்டவரும் பல சமயத்தவரும் கூடினர். அங்கு மதிக்கப்பட்டது சான்றே. பேசுபவரின் சமயம் அன்று.

1980 இல் மறையும்வரை அவர் குருவாகவே வாழ்ந்தார். ஆய்வு அவரது விசுவாசத்தைப் பறிக்கவில்லை. விசுவாசமும் ஆய்வைத் தடுக்கவில்லை. பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் தேவாலயமாயினும், வினா எழுப்பும் இளையோரை வாயடைப்பது சமயத்துக்குச் செய்யும் தொண்டாகாது. அவர்கள் வினாவைச் செவிமடுப்பதே நம் கடமை.