வைபை விளக்கு அணைந்தால் வைபை அணைந்துவிட்டதா?

மடிக்கணினியின் ஓரத்தில் மினுங்கும் சிறு விளக்கைப் பார்த்தே இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்று பலர் முடிவு செய்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தக் கணிப்பு பிழைக்கலாம். அங்கே விளக்கு வேறு, வைபை வேறு. விளக்கை மட்டும் அணைத்துவிட்டால், வைபை சத்தமின்றித் தரவுகளை அனுப்பிக்கொண்டும் பெற்றுக்கொண்டும் இருக்கும்.

காணி உறுதிகளின் பிரதிகள், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முறைப்பாடுகள், சாட்சியங்கள் என்று பிறர் கையில் சேரக்கூடாதவற்றைக் கணினியில் வைத்திருப்போர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

லினக்ஸ், தான் கட்டுப்படுத்தக்கூடிய ஒவ்வொரு சுட்டி விளக்கையும் ஒரு கோப்புறையாகக் காட்டுகிறது. 'சிஸ்' என்ற கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'லெட்ஸ்' எனச் சென்றால் அவற்றைக் காணலாம். (இப்பெயர்கள் யாவும் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே இருக்கும்.) ஒவ்வொன்றிலும் இரண்டு கோப்புகள் முக்கியமானவை. 'பிரைட்னஸ்' ஒளியின் அளவைக் குறிக்கிறது. விளக்கு எதற்காக எரிய வேண்டும் என்பதை 'ட்ரிகர்' தீர்மானிக்கிறது: தரவு அனுப்பும்போதா, பெறும்போதா, வலையமைப்போடு இணைந்திருக்கும்போதா, அல்லது ரேடியோ இயங்கும்போதா?

நிர்வாகி உரிமையுடன் 'ட்ரிகர்' கோப்பில் 'நன்' என்றும், 'பிரைட்னஸ்' கோப்பில் 0 என்றும் எழுதினால் விளக்கு அணையும். ஆனால் கணினியை மீளத் தொடக்கியதும் பழைய நிலை திரும்பிவிடும்.

நிரந்தர மாற்றத்துக்கு அட்டையின் இயக்கி மென்பொருளை நாட வேண்டும். இன்டெல் அட்டைகளுக்கான 'ஐ.டபிள்யூ.எல்.வைபை' இயக்கியில் 'லெட் மோட்' என்ற தெரிவு உண்டு. அதற்கு நான்கு பெறுமானங்கள்:

0 – இயல்புநிலை
1 – ரேடியோ இயங்கும்வரை நிலையாக எரியும்
2 – தரவுப் போக்குவரத்துக்கேற்ப மினுங்கும்
3 – விளக்கு முற்றாகச் செயலிழக்கும்

'இ.டி.சி.' கோப்புறையிலுள்ள 'மொட்ப்ரோப்.டி'க்குள் ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல், இயக்கியின் பெயர், தெரிவின் பெயர், சமன் குறி, விரும்பிய இலக்கம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிச் சேமித்துக் கணினியை மீளத் தொடக்க வேண்டும். தெரிவின் இரு சொற்களுக்கும் நடுவே இடைவெளி விடாமல் அடிக்கோடு இட வேண்டும். எல்லா மடிக்கணினிகளிலும் இது பலிக்கும் என்றில்லை. சிலவற்றில் விளக்கு இயக்கியின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை.

இரவில் கண்ணை உறுத்தும் மினுங்கலை நிறுத்த இவ்வளவும் போதும். இணைப்பையே துண்டிப்பதற்கு 'ஆர்.எப்.கில்' என்ற கட்டளை இருக்கிறது. அதனுடன் 'லிஸ்ட்' சேர்த்துக் கொடுத்தால் இரு விடைகள் கிடைக்கும். ஒன்று மென்பொருள் தடை. இதை இன்னொரு கட்டளை நீக்கிவிடலாம். மற்றது வன்பொருள் தடை; கணினியிலுள்ள ஆளியால் ஏற்படும் இதை அக்கட்டளையால் நீக்க முடியாது. இரண்டில் ஒன்றாவது 'யெஸ்' என்றிருந்தால் வைபை ரேடியோ தடுக்கப்பட்டிருக்கிறது. வலையமைப்பு வடம் செருகியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும், 'ஆர்.எப்.கில்' வடத்தைத் தடுப்பதில்லை.