கொழுக்கட்டைக் கதையும் குழந்தையின் சிரிப்பும்



குழந்தைகளுக்கு நகைச்சுவைக் கதை சொல்லுவது எளிதென்று பலர் எண்ணுவர். அஃது அத்துணை எளிதன்று. நம்மிற் பலர் பாட்டிமாரிடம் கேட்ட கதையொன்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

மாமி வீட்டிற்குச் சென்ற மருமகன் ஒருவன் அங்கே கொழுக்கட்டை உண்டான். ஆடிப்பிறப்பன்று யாழ்ப்பாணத்திலே கூழோடு ஆக்கி உண்கிறோமே, அதே கொழுக்கட்டைதான். பெயர் மறந்துபோகாதிருக்க, "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினான். வழியிலே ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டினான். அக்கரையிற் கால் ஊன்றியபோது நாவிலே நின்றது அத்திரிபாச்சா ஒன்றே. வீட்டிலே அத்திரிபாச்சா செய்யுமாறு மனைவியைக் கேட்டான். அவள் விழித்தாள். சினந்து அடித்தான். "ஐயோ, கன்னம் கொழுக்கட்டைபோல வீங்கிவிட்டதே!" என்று அவள் அழ, "அதுதான், அதுதான்!" என்று துள்ளினான்.

குழந்தை ஏன் சிரிக்கிறது? மீண்டும் மீண்டும் வரும் ஒலி ஒரு காரணம். மற்றொன்று, மருமகன் மறந்த சொல் குழந்தைக்குத் தெரியும். நாள் முழுதும் பெரியவர்களிடம் அறிவுரை கேட்கும் பிள்ளை, இங்கே பெரியவனொருவனைவிட அறிவாளியாகிவிடுகிறது. ஆதலால், வாய்க்காலைத் தாண்டியதும் கதை சொல்பவர் சற்று நிறுத்தல் வேண்டும். குழந்தை அச்சொல்லைக் கூவட்டும்.

ஆனால், அந்த அடி? குற்றமற்றவள் அழுவதைக் கண்டு சிரிக்கக் குழந்தையைப் பழக்கலாமா? அதற்காகக் கதையையே கைவிட வேண்டியதுமில்லை. கதைக்கு வேண்டியது ஒரு வீக்கமே. அது யாருக்கு என்பது நம் கையில் உள்ளது. சினத்தோடு அடுக்களைக்குட் பாய்ந்தவன் நிலையிலே தலையை மோதிக்கொள்ளட்டும். "நெற்றி கொழுக்கட்டைபோல வீங்கிவிட்டதே!" என்று மனைவி சொல்லட்டும். கதையின் கட்டு குலையவில்லை. நோவு உரியவனைச் சேர்ந்தது.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையிலும் அடி உண்டு. ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடர்களும், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவரை ஆறு விழுங்கியதென்று புலம்புகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கோர் அடி கொடுத்து அறுவரையும் எண்ணிக் காட்டுகிறான். அவ்வடி பேதைமைக்கே விழுகிறது. பிள்ளை மனங்கூசாது சிரிக்கலாம்.

பழங்கதையை மாற்றலாமா என்று சிலர் வினவக்கூடும். நாட்டார் கதைகளைத் தொகுத்து ஆராய்பவர் கேட்டதைக் கேட்டவாறே எழுதல் வேண்டும். மடியிலிருக்கும் பிள்ளைக்குக் கதை சொல்பவரின் கடமை வேறு. வாய்மொழிக் கதைக்கு ஒரே வடிவம் என்பதில்லை. சொல்வோர் தோறும் அது மாறியே வந்துள்ளது.

இறுதியில் நீதி புகட்டவும் வேண்டா. "இன்னொருமுறை சொல்லுங்கள்" என்று பிள்ளை கேட்குமாயின், கதை தன் வேலையைச் செய்துவிட்டது. இன்றிரவு சொல்லிப் பாருங்கள். வாய்க்காலருகே நிறுத்த மட்டும் மறவாதீர்கள்.